ஒரு மூடி மருந்து

எனக்குக் காது குத்தியது ஒன்பது வயதில். எங்கள் பக்கத்தில் அது பல் முளைக்கும் பருவத்திலேயே, வலி நினைவில் தங்காத வயதிலேயே முடித்துவிடுகிற காரியம். நான் நாலாம் வகுப்பை முடித்த பிறகும் காதில் ஒரு வேப்பங்குச்சிகூட இல்லாமல் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் மூளிக்காதி என்று கூப்பிட்டார்கள். தோடு போட்ட பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம், ஆட்டுவதற்கு ஒன்றுமில்லாத என் தலை எனக்கே வீணாகப்படும்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருந்தது ஒரே தாய்மாமன். அவர் மலையில் இருந்தார்; நாங்கள் போடியில் இருந்தோம். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு இல்லை. அந்த ஆள் நம் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அண்ணன் மடி இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்து இல்லை என்பது அம்மாவின் உத்தரவு. அம்மா தன் உத்தரவை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது உறவுக்காரர்கள், வேறு மாமன் முறைக்காரர் மடியில் வைத்து முடித்துவிடலாமே என்று நாள் பார்த்துச் சொன்னால், “பிள்ளைக்குக் காய்ச்சலா இருக்கு” என்பாள். அந்தக் கணக்கில் நான் சிறுவயதில் எனக்கே தெரியாமல் பல தடவை காய்ச்சலில் கிடந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வலது காது கேட்காது. தீபாவளி வேட்டில் போனது என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் அவர் மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவர். ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்த மூலையில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். ஒரு காது போனதும் சத்தம் கேட்டது, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. கீழே இறங்கிப் போடியில் சைக்கிள் கடை வைத்தார். சைக்கிள் அதிகம் பேசாத வண்டி. கடைக்கு வருகிறவர்கள் அவருடைய வலப்பக்கம் நின்று பேசினால் பதில் வராது. தெரியாதவர்கள் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தார்கள்.

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் இரும்பு ஊதுகுழல் இருந்தது. மற்ற வீடுகளில் மூங்கில் குழலோ தகரக் குழலோ இருக்கும். எங்களுடையது ஒரு சாண் நீளத்துக்கு, எட்டுப் பட்டையாக, கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கிற கனத்தில் இருந்தது. ஒரு நுனிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. ஊதும்போது அதை ஆட்காட்டி விரலால் அடைத்துக்கொள்ளாவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும். அம்மா அதை நாகஸ்வரம் வாசிப்பவள்போல் பிடித்து ஊதுவாள். அந்த ஓட்டைக்கு அருகில் ஒரு சின்னக் கிரீடமும் அதன்கீழ் இரண்டு ஆங்கில எழுத்துகளும் பொறித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் தொடங்கும் முன்பே எனக்கு அந்த இரண்டு எழுத்தும் தெரியும்.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்குத் தேவாரத்துப் பெரியம்மா வந்து என்னைத் தன்னோடு அழைத்துப் போனாள். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்காள். யாருக்கும் பயப்படாதவள், என் அப்பாவுக்கு மட்டும் பயப்படுவதுபோல் நடிப்பாள். தேவாரம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், விடியும் நேரத்தில் என்னை எழுப்பித் தலைவாரி, ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

“ஒங்க மாமனைப் பாக்க. காலை வெரசா எடுத்து வையி. பாதையில யானைச் சாணி சூடா கெடந்தா மட்டும் என்கிட்டச் சொல்லு.”

சாணி கிடந்தது. தொட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லாததால் சொல்லவில்லை. ஏற ஏறக் காற்று குளிர்ந்து, காது அடைத்து, பிறகு ஏலச்செடி வாசத்தோடு திறந்துகொண்டது. உச்சிப் பொழுதுக்கு முன்னால் மாமாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய மரங்களின் நிழலில் நாலைந்து ஏக்கர் ஏலம். காய் வாட்டுகிற ஸ்டோர் ஒன்று. அதை ஒட்டி ஓர் அறை. மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால் மழை முடியட்டும் என்பாராம். மலையில் மழை எப்போது முடிந்தது?

அவர் உயரமாக, முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை போட்டு, எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த அரிவாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெரியம்மா, “யாருன்னு தெரியுதா?” என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இரண்டு காதுகளையும் பார்த்தார். உடனே உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கை நிறைய ஏலக்காய் இருந்தது.

“தின்னு தாயி. வேற என்ன இருக்கு இங்க, பிள்ளைக்குக் குடுக்க?”

ஏலக்காயை மிட்டாய்போல் தின்றது அன்றுதான். நாக்கு மரத்துப்போனது. மரியாதைக்காக ஆறு காய் தின்றேன்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கையில் நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் ஓர் ஆணியில் விநோதமான ஒன்று தொங்கியது. கருத்துப் பளபளத்த ஈட்டிமரத்தில் வளைந்த பிடி. அதன் பக்கவாட்டில் இரும்பில் ஒரு தகடு. தகட்டின் மேல் கொக்குக் கழுத்துபோல் வளைந்து நிற்கும் ஒரு குதிரை. துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பைத் தட்டுகிற பாகத்தைக் குதிரை என்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கைத்துப்பாக்கிதான், ஆனால் குழல் இல்லை. குழல் இருக்க வேண்டிய இடத்தில் மரத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நான் முக்காலியில் ஏறி அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டினேன். வட்டமான பள்ளம் இல்லை. பட்டை பட்டையாக இருந்தது. தகட்டில் சின்னக் கிரீடம். அதன்கீழ் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த இரண்டு எழுத்து.

“மாமா, எங்க ஊதுகுழல் இதுக்குள்ள சரியா உக்காரும்” என்றேன்.

பெரியம்மா பேச்சை நிறுத்தினாள். மாமா எழுந்து வந்தார். எந்த ஊதுகுழல் என்று கேட்டார். எட்டுப் பட்டை, பக்கத்தில் ஓட்டை, கிரீடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா விரலால் அடைத்துக்கொண்டு ஊதுவதை நடித்தும் காட்டினேன்.

“அடுப்பா ஊதுறா?” என்றார் மாமா. அதையே மூன்று தடவை கேட்டார். முதல் தடவை கோபமாக. இரண்டாம் தடவை என்னிடம் இல்லை, சுவரிடம். மூன்றாம் தடவை கேட்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை முக்காலியிலேயே உட்கார வைத்துக் கதையைச் சொன்னார்.

யுத்தம் தொடங்கிய காலம். மாமா அந்தத் துரையின் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர், அப்பா ஃபிட்டர். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். துரைக்குச் சீமையிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு கைத்துப்பாக்கி துண்டு துண்டாக இருந்தது: ராவாத குழல், வளைக்காத வில், செதுக்காத கட்டை, வெடிமருந்து அளக்க ஒரு பித்தளை மூடி. தன் கையாலேயே அதைப் பூட்ட வேண்டும் என்று துரைக்கு ஆசை. ஒரு மாதம் விரலை வெட்டிக்கொண்ட பிறகு ஆசை தீர்ந்தது. பட்டாளத்துக்குப் போகும்போது லைசென்ஸை மாமா பேருக்கு மாற்றி, பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடைமழைக்காலம் முழுக்க இருவரும் உட்கார்ந்து பூட்டினார்கள். பெட்டியில் வந்த கட்டை ஈரத்தில் வெடித்திருந்ததால் மாமா ஈட்டிமரத்தில் புதிதாகச் செதுக்கினார். குழலைத் துளைத்து, கேப்பு மாட்டுகிற மூக்கைத் திருகியதும் மாமாதான். குதிரையும் வில்லும் விசையும் அப்பாவின் வேலை. அந்த மழைக்காலத்தில்தான் அப்பாவுக்கு மாமாவின் தங்கச்சியைப் பேசி முடித்தார்கள்.

கல்யாணம் ஆகித் தலைத்தீபாவளி. விடிந்ததும் மாப்பிள்ளை வேட்டுப் போட வேண்டும். சாதாரண வேட்டாகப் போடாமல் தாங்கள் பூட்டிய துப்பாக்கியாலேயே போடுவது என்று ஏற்பாடு. அப்பா சுட்டார். மூக்கு பிடுங்கிக்கொண்டு அவர் காதை உரசிப் பறந்து நிலைக்கதவில் போய்ச் செருகியது. காதிலிருந்து ரத்தம் வந்தது. அரைமணி நேரம் எல்லோரும் அழுதார்கள். அதற்குப் பிறகு, யார் வேலையில் கோளாறு என்ற பேச்சு தொடங்கியது. மூக்கின் திருகுமரை சரியில்லை என்று அப்பா சொன்னார். குதிரையின் வில் அளவுக்கு மீறி முறுக்கு, அதுதான் மூக்கை அடித்தே பெயர்த்துவிட்டது என்று மாமா சொன்னார். மத்தியானத்துக்குள் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாமா செய்த குழலை அப்பா சாட்சிக்காக எடுத்துக்கொண்டார். அப்பா செய்த குதிரையை மாமா சாட்சிக்காக வைத்துக்கொண்டார். எந்தப் பஞ்சாயத்துக்கு என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

“ஒங்கப்பன் சொல்ற மாதிரி மரை கோளாறுன்னாலும், அது பிடுங்குறதுக்கு நான் மருந்தையாவது கூடப் போட்டிருக்கணும்ல? விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, ஒரே ஒரு மூடி போட்டுக் கம்பியால கெட்டிச்சு, ஆணியில மாட்டி வச்சேன். மாப்ளே எடுத்துச் சுடட்டும்னு. ஒரு மூடிதான் தாயி!”

எனக்கு எதிரில் ஒரு விரலை நீட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பெரியம்மா குறுக்கே விழுந்து சொன்னாள்: “குழலில்லாத துப்பாக்கிக்கு வருசா வருசம் கீழ எறங்கிப் போயி லைசென்ஸைப் புதுப்பிச்சிட்டு வர்றான் இவன். தாலுகா ஆபீசுல சிரிக்கிறாங்க.”

மாமா இன்னும் நாலு ஏலக்காயை என் கையில் திணித்தார்.

மலையிலிருந்து இறங்கும்போது பெரியம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது. போடிக்கு வந்து நாலு நாள் நான் மூச்சு விடவில்லை. ஐந்தாம் நாள், அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நல்லபடியாக இருந்தது. அவருடைய இடப்பக்கம் போய் நின்று, காது எப்படிப் போனது என்று கேட்டேன். இதில் சத்தியத்தை மீறுவது ஒன்றுமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நான் கேட்கத்தான் செய்தேன்; சொல்லவில்லை.

அப்பா பெயர் எதையும் சொல்லாமல் கதையைச் சொன்னார். மாமா ‘ஒருத்தன்’ ஆகிவிட்டார்.

“மூக்கை ஒழுங்கா முறுக்காம விட்டுட்டான் ஒருத்தன். நான் ஆணியிலருந்து எடுத்தேன், ஒரு மூடி மருந்து போட்டேன், கெட்டிச்சேன், சுட்டேன். ஒத்த மூடி! ஒத்த மூடிக்குப் போயி மூக்கு பிடுங்குமா?”

அவரும் ஒரு விரலை நீட்டினார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரி. “ஒத்த மூடி இல்லப்பா, ரெண்டு மூடி” என்றேன்.

“என்ன ரெண்டு?”

“மாமா போட்டது ஒண்ணு. நீங்க போட்டது ஒண்ணு.”

சொன்ன பிறகுதான் என் சத்தியம் என்ன ஆனது என்று எனக்கு உறைத்தது. அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் சுழல்கிற சத்தம் மட்டும் கேட்டது. அது மெல்ல மெல்ல நின்றது. கண்ணைத் திறந்தால் அப்பா ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் போட்டானாமா? எப்போ?”

“விடியுறதுக்கு முன்னாடி. போட்டுட்டுத்தான் ஆணியில மாட்டினாராம்.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் தலையைத் திருப்பி, நல்ல காதை என் வாய்க்கு நேராக வைத்து மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னார். மலைக்குப் போனது யார், அழைத்துப் போனது யார் என்று அவர் கேட்கவே இல்லை. பட்டப்பகலில் கடையைச் சாத்தினார். அதற்கு முன் கிரகணத்துக்கு மட்டும்தான் பகலில் சாத்தியிருக்கிறார்.

வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா நேராக அடுப்படிக்குப் போய் ஊதுகுழலை எடுத்தார். அம்மா, “நெருப்பு அணைஞ்சிரும், வச்சிட்டுப் போங்க” என்றாள். அவர் வாசலுக்கு வந்து குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். பத்து வருஷமாக அடுப்படியில் கிடந்த குழல். உள்ளே கரியும் துருவுமாக இருக்க வேண்டும். ஆனால் கிணற்றுக்குள் நிலா தெரிவதுபோல் பளபளவென்று இருந்தது. அப்பா விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு எண்ணெய் போடுற?”

“இரும்புதான? துருப்பிடிக்கும்ல” என்றாள் அம்மா, திரும்பாமலே.

அப்பா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “மலை மேல மெட்டுக்கு ஜீப்பு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“காலையில ஏழரைக்கு ஒண்ணு. அதை விட்டா பதினொண்ணுக்கு” என்றாள் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒருதடவைகூட அந்த ஜீப்பில் ஏறியதில்லை.

மறுநாள் ஏழரை ஜீப்பில் மூவரும் போனோம். ஏலக்காய் மூட்டைக்கு வைத்திருந்த இடத்தில் எங்களை அடைத்தார்கள். மெட்டில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அம்மா முன்னால் போனாள். எந்த இடத்தில் வழுக்கும், எந்த வளைவில் குனிய வேண்டும் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அப்பா தோளில் ஸ்பேனர், அரம் எல்லாம் போட்ட தோல் பையும், கையில் துணியில் சுற்றிய குழலுமாக வந்தார்.

மாமா ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். அம்மா “அண்ணே” என்றாள். ஆண்கள் இருவரும் வா என்றும் சொல்லவில்லை, வந்தேன் என்றும் சொல்லவில்லை. அப்பா துணியைப் பிரித்துக் குழலை ஒரு பலகைமேல் வைத்தார். மாமா உள்ளே போய்ப் பிடியை எடுத்து வந்தார். குழலைப் பள்ளத்தில் வைத்ததும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஒருவர் ஒரு நுனியையும் மற்றவர் மறு நுனியையும் பிடித்துக்கொண்டு, அந்தத் துப்பாக்கியைப் பார்த்தே பேசினார்கள்.

“அன்னைக்கு நீ எத்தனை மூடி போட்ட?” என்றார் அப்பா.

“ஒண்ணு.”

“நானும் ஒண்ணு.”

மாமாவின் கை நழுவியது. அவர் அப்பாவைப் பார்த்தார். “நீ போட்டியா? நான் போட்டு வச்சதைத்தான் நீ எடுத்துச் சுட்டேன்னு...” என்று ஆரம்பித்து, முடிக்காமல், அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சுடும் முன் குழல் வாயில் கம்பியை விட்டு ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்து வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். கேட்கிற அளவுக்குத் தன் பக்கமும் தப்பு இருக்கலாம் என்று இருவரில் எவரும் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமா எழுந்து அப்பாவின் வலப்பக்கமாக வந்து நின்றார். அந்தக் காதின் பக்கமாகக் குனிந்து மெதுவாக என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ‘மாப்ளே’ என்பது மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டது. அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், தவறான பக்கத்தில் நின்று பேசுகிறாரே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அப்பாவின் சட்டையை இழுத்து, “அப்பா, மாமா ஒங்ககிட்டதான் பேசுறாரு, அந்தக் காதுல” என்றேன்.

“கேட்டுச்சு” என்றார் அப்பா.

அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாளே திரும்புவதாக வந்தவர்கள் ஐந்து நாள் இருந்தோம். மூக்கு பிடுங்கிய இடத்தில் மரை அழிந்திருந்தது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்கு ஏற்ற பருமனில் புது மூக்குச் செய்ய வேண்டும். அப்பா பையில் ஒடிந்த சைக்கிள் அச்சு ஒன்று வைத்திருந்தார். அந்த உருக்கு கெட்டியானது. அதை அறுத்து, ராவி, நடுவில் ஊசி போகிற அளவுக்குத் துளை போடவே ஒரு பகல் ஆனது. அடுப்பு ஊதுவதற்காகக் கழற்றியிருந்த குழலின் பின்வாய் அடைப்பையும் புதிதாகச் செய்து திருகினார்கள். மாமா பிடியைச் சுரண்டித் தேன்மெழுகு தேய்த்தார். குதிரையை மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துருவைக் கழற்றினார்கள். வில் நிஜமாகவே கொஞ்சம் அதிக முறுக்குத்தான் என்று அப்பா தானாகவே சொல்லி, அதைச் சுட்டு இளக்கினார். மரையும் சுமார்தான் என்று மாமா ஒத்துக்கொண்டார். அம்மா பத்து வருஷச் சமையலை ஐந்து நாளில் சமைத்தாள். மூங்கில் வெட்டி அவளுக்குப் புது ஊதுகுழல் ஒன்றை மாமா செய்து கொடுத்தார். கனம் போதவில்லை என்று அம்மா குறை சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலை சுட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அப்பாவுக்கு மிச்சம் இருந்தது ஒரு காது. அம்மா வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். “மருந்தையும் மூடியையும் கொண்டாங்க. இனிமே இதுக்கு மருந்து போடுறது என் சோலி. வேற யாரும் தொடக் கூடாது.”

இரண்டு பேரும் எதிர்த்துப் பேசவில்லை. அம்மா மிளகாய்ப்பொடி அளக்கிற மாதிரி மூடியைத் தலைதட்டி, ஒரே ஒரு மூடி போட்டு, துணி வைத்துக் கெட்டித்தாள். குண்டு கிடையாது, வெறும் வேட்டுத்தான். துப்பாக்கியை ஒரு பலாக்கட்டையில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். விசையில் ஒரு நீளச் சணலைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் ஸ்டோர் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். அப்பா சணலை இழுத்தார். ‘டிக்’கென்றது. ஒன்றும் இல்லை. மாமா பத்திரப்படுத்தியிருந்த கேப்பு தகர டப்பாவிலேயே நமத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து வேறு கேப்பு மாட்டினார்கள். அதுவும் ‘டிக்’. மூன்றாவது கேப்புக்கு மலை அதிர்ந்தது. மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. வெள்ளைப் புகை ஏலச்செடிகளுக்குமேல் மெதுவாகப் போனது. இரண்டு பேரும் கட்டையை நோக்கி விழுந்தடித்து ஓடினார்கள். மூக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. மாமா அதைத் தொட்டுச் சூட்டில் விரலை உதறினார். அப்பா தானும் தொட்டுப் பார்த்து உதறினார்.

அடுத்த மாதம் ஒரு நல்ல நாளில் எனக்குக் காது குத்தினார்கள். பொட்டிபுரத்துக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் எங்கள் குலசாமிக்கு ஒரு கோயில் உண்டு. தேவாரத்துப் பெரியம்மா முதல் நாளே வந்து, தனக்கு எதுவும் தெரியாதது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாமா வெள்ளை வேட்டியில் வந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை மடியில் அடங்கவில்லை. என் கால்கள் தரையைத் தொட்டன. அவர் நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. காது குத்திய கையோடு வேட்டு. வேட்டுப் போடுவது அப்பா. அம்மா மருந்து போட்டுக் கொடுத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். வலித்தது, ஆனால் தோட்டை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். இடது காதில் ஊசியை வைத்தார். அப்பா இரண்டு காதும் முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த நொடியில் சுட்டுவிட்டார். நான் துள்ளினேன். ஊசி புள்ளி வைத்த இடத்தை விட்டு ஒரு நெல் அளவு தள்ளி இறங்கியது. இன்றைக்கும் என் இடது தோடு வலது தோட்டைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கும்.

மத்தியானம் வீட்டில் விருந்து. எல்லோரும் இலையில் உட்காரும் முன்பே வாசலில் சத்தம் கேட்டது. பிள்ளையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் தாய்மாமனா என்று அப்பா கேட்டார். ஒரு காது ரெண்டு காது என்று எண்ணத் தெரியாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று மாமா கேட்டார். “நீ ஆட்டுன!” “நீ அவசரப்பட்ட!” குரல்கள் ஏறின. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது வலி மறந்தே போனது. துப்பாக்கி மறுபடி இரண்டாகப் போகும், மாமா இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார், இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று தோன்றியது. அடுப்படிக்கு ஓடினேன்.

“அம்மா, மறுபடியும் சண்டை போடுறாங்க!”

அம்மா கரண்டியைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டாள். வாசலில் மாமாவின் குரல் உச்சத்தில் இருந்தது. அதற்குமேல் அப்பாவின் குரல். அவள் முகத்தில் பயமே இல்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“போடட்டும்” என்றாள். பிறகு பானையைத் திறந்து, ராத்திரிக்கும் சேர்த்து இன்னொரு படி அரிசியை அளந்து களைந்தாள். கோபித்துக்கொண்டு இப்போதே கிளம்பப்போகிற மனுஷனுக்கு எதற்கு இவ்வளவு அரிசி என்று எனக்கு விளங்கவே இல்லை.